கடைக்கு மூன்று நாள் விடுப்பு



நமது சங்க உறுப்பினர்களில் எத்தனை பேர் கடந்த ஓராண்டில் சேர்ந்தாற்போல் மூன்று நாட்கள் கடையை விட்டு வெளியூரில் தங்கியிருக்கிறோம்? திருமணம், துக்கம், கோர்ட் வாய்தா, வரி அலுவலகம், மருத்துவமனை ஆகிய ஐந்தையும் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். சென்ற மாதாந்திரக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையின்போது நாம் இதைக் கேட்டோம். அருகில் நின்ற பதினோரு பேரில் இருவர் மட்டுமே கை தூக்கினர். அவர்களில் ஒருவர், "சரக்குப் பார்க்க நாசிக் போனது கணக்கில் வருமா பாய்?" என்றார். வராது என்று சொல்லிவிட்டோம். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

நாமும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் இருந்தோம். பள்ளி இறுதித் தேர்வு எழுதிய கையோடு 1978இல் தகப்பனாரின் வெங்காய மண்டியில் கல்லா ஓரம் உட்கார்ந்தோம். அன்று முதல் லாரி வந்ததா, மூட்டை எத்தனை, ஈரம் எவ்வளவு, கழிவு எவ்வளவு, நிலுவை யாரிடம் என்பதே நமது உலகம். இப்போது வயது அறுபத்து நான்கு. அண்மையில்தான் முதன்முறையாக, கொள்முதலும் இல்லாமல் கல்யாணமும் இல்லாமல், வியாழன் முதல் ஞாயிறு வரை தனியாக ஒரு தீவுக் கடற்கரையில் இருந்துவிட்டு வந்தோம். இதழ்க் குழுவினர் அதைப் பற்றி எழுதக் கேட்டனர். ஊர் வர்ணனை எழுத நமக்குத் தெரியாது. நம்மைப் போன்ற ஒருவர் மார்க்க வரம்பில் நின்றுகொண்டே நிம்மதியாக விடுப்பு எடுக்க முடியும், அதற்கு முதல் தேவை முறையான விசாரணை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

இரண்டு சாக்குகள்

விடுப்பு என்றதும் நம்மவர்கள் இரண்டு பதில் சொல்வார்கள். ஒன்று, "கடையை யார் பார்ப்பது?" மற்றொன்று, "போகிற இடத்தில் சாப்பாடு எப்படி இருக்குமோ?" முதலாவதைப் பின்னால் பார்ப்போம். இரண்டாவது சாக்கு நம் போன்ற முஸ்லிம் வணிகர்களுக்கு மிகவும் வசதியானது. "அங்கே ஹலால் கிடைக்காது" என்று ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடலாம்.

பிற சமயச் சகோதரர்களுக்காகச் சொல்கிறோம். ஹலால் என்றால் மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது என்று பொருள். பன்றி இறைச்சியும் மதுவும் கூடாது. ஆடு, மாடு, கோழியானாலும் இறைவன் பெயர் சொல்லி முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும். கடல் மீனுக்கு அந்த நிபந்தனை இல்லை. இது நமக்கு மட்டுமே உள்ள பிரச்சினை என்று எண்ண வேண்டாம். நம் சங்கத்தில் சைவ உணவு மட்டுமே கொள்ளும் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். காய்கறிப் பொரியலானாலும் அது எந்த எண்ணெயில் பொரிந்தது, எந்தச் சட்டியில் வெந்தது என்று அவர்களும் வெளியூரில் கவலைப்படுகிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டு வாழைப்பழமும் ரொட்டியும் தின்று திரும்புகிறவர்கள் இரு தரப்பிலும் உண்டு.

நாமும் அப்படித் திரும்பியவர்களில் ஒருவர். 2018இல் ஒரு குழுவோடு வெளிநாட்டுக் கடற்கரைத் தீவு ஒன்றுக்குப் போயிருந்தோம். தங்கிய விடுதியின் விளம்பரத்தில் "முஸ்லிம்களுக்கு ஏற்றது" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் சாப்பாட்டுக் கூடமும் மதுக்கூடமும் ஒன்றே. கோழி எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது பரிமாறுபவருக்குத் தெரியவில்லை. "பன்றி போடுவதில்லை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு நாளும் பழமும் தேநீரும்தான். ஊர் திரும்பி விடுதிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மண்டியில் உட்கார்ந்திருக்கையில் நமக்கே ஒன்று தோன்றியது. மாதிரி பார்க்காமல், மூட்டையைப் பிரிக்காமல், தரகர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஒரு லோடு வெங்காயத்தை நாம் இறக்குவோமா? மாட்டோம். பயணத்தை மட்டும் விளம்பரத் தாளைப் பார்த்து வாங்கியிருக்கிறோம். அவர் எழுதியதும் முழுப் பொய் இல்லை. பன்றி இல்லை என்பதும் ஹலால் என்பதும் வேறு வேறு. நாம்தான் கேட்கவில்லை.

எந்த ஊரைத் தேர்வது?

இந்த முறை கணக்காகப் பார்த்தோம். மூன்று நாட்களுக்குள் போய்வர வேண்டும். ஆகையால் தூரம் குறைவாக இருக்க வேண்டும். தனியாகப் போவதால் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் அலையக் கூடாது.

மலேசியாவின் லங்காவியைப் பலரும் சொன்னார்கள். நல்ல இடம்தான். அந்நாட்டில் அரசின் இஸ்லாமிய வளர்ச்சித் துறையே ஹலால் சான்று வழங்குகிறது. சான்றில்லாமல் ஹலால் என்று விளம்பரம் செய்வது சட்டப்படி குற்றம். ஆனால் லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு. மதுவும் மலிவாகக் கிடைக்கும். கடற்கரைத் தெருவில் இரண்டும் கலந்தே இருக்கும். தவிர, நமக்கு அது தூரம். தாய்லாந்தின் பூகெட்டில் முஸ்லிம் மக்களும் பள்ளிவாசல்களும் உண்டு. ஆனால் எந்தக் கடற்கரையில் தங்குகிறோம் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடும். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு நம் அந்தமான் இருக்கிறது. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். தமிழும் தாராளமாகப் பேசலாம். அதுவும் ஒரு நாள் பார்க்க வேண்டிய இடம்.

நாம் தேர்ந்தது மாலத்தீவு. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. போய் இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். கையில் திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட ரசீதும் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அவர்களுடைய பயண விவரப் படிவத்தைக் கணினியிலோ கைப்பேசியிலோ நிரப்பிவிட வேண்டும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு மாலத்தீவு அந்நியமான ஊரும் அல்ல. இங்கிருந்து தோணிகளில் காய்கறியும் வெங்காயமும் கட்டுமானப் பொருளும் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம் வீட்டுச் சம்பலில் விழும் மாசிக்குப் பெயர் பெற்ற ஊரும் அதுவே. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்துக் கல்லாக்கும் தொழில் அவர்களுடையது. 1981இல் ஏற்பட்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் இன்னின்ன பொருள் இவ்வளவு என்று நம் அரசு அந்நாட்டுக்கு ஒதுக்கித் தருகிறது. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது நாம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தடை விலகாத நேரத்திலேயே 2024-25ஆம் ஆண்டுக்கு மாலத்தீவுக்கு 35,749 டன் வெங்காயம் அனுப்ப அனுமதி வந்தது. சரக்கு போகும் ஊருக்கு இத்தனை ஆண்டும் சரக்குக்காரர் போனதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி, எந்த மாதிரித் தீவு? மாலத்தீவு முஸ்லிம் நாடு, ஆகவே எல்லா இடமும் நமக்கு ஏற்றதுதான் என்று எண்ணிப் பணம் கட்டிவிடக் கூடாது. ஏறத்தாழ 1,200 தீவுகளில் 200க்கும் குறைவானவற்றில்தான் அந்நாட்டு மக்கள் வாழ்கிறார்கள். உல்லாச விடுதித் தீவுகள் தனி. 1972இல் தொடங்கிய அந்த முறைப்படி ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதியாக இருக்கும். அங்கே வெளிநாட்டாருக்காக மதுவும் பன்றி இறைச்சியும் அனுமதி பெற்றுப் பரிமாறப்படுகின்றன. மக்கள் வாழும் தீவுகளிலோ இரண்டும் கிடையாது. 2009ஆம் ஆண்டு வாக்கில்தான் அத்தகைய தீவுகளில் சிறு விடுதிகள் நடத்த வழி திறந்தது. அவற்றில் வாடகையும் உல்லாசத் தீவுகளைவிடப் பன்மடங்கு குறைவு. நமக்கு ஏற்றது இவ்வகைதான். நாம் போனது மாலேயிலிருந்து 27 கிலோமீட்டர் தெற்கே உள்ள மாஃபுஷி. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் ஊர். சந்தடி வேண்டாம் என்பவர்கள் இன்னும் சிறிய தீவுகளைப் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்வி, சாப்பாட்டைப் பற்றியது. மக்கள் வாழும் தீவுகளில் உணவு ஹலால்தான். இறைச்சி பெரும்பாலும் இறக்குமதி. மீனோ கைக்கெட்டும் தூரத்தில். ஆகையால் அங்கே கேட்க வேண்டியது வேறு. இரவில் படகில் அழைத்துச் செல்கிறோம் என்பார்கள். கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும் சில படகுகளில் மது பரிமாறுவது உண்டு. உல்லாசத் தீவுக்கு ஒரு நாள் சுற்றிப் பார்க்கவும் கூட்டிப் போவார்கள். அங்கே மதியச் சாப்பாடு பொதுச் சமையலறையில் வரும். எந்தப் படகு, எந்தத் தீவு, சாப்பாடு எங்கிருந்து என்று முன்பே கேட்டுவிட்டால் சங்கடமில்லை. இதே கேள்விகள் வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் அவசியம். சான்று தந்தது யார், அது எந்த ஆண்டு வரை செல்லும், மது சேர்த்த சாறுகள் சமையலில் உண்டா, பாத்திரமும் எண்ணெயும் தனியா என்று கேளுங்கள். சான்றுத் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எடைத் தராசில் முத்திரை பார்க்கும் நாம் இதைக் கேட்பதில் வெட்கமென்ன?

மூன்றாவது கேள்வி, வெள்ளிக்கிழமை. அந்நாட்டில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசின் மலிவான மரப்படகுகள் பொதுவாக வெள்ளியன்று ஓடுவதில்லை. ஜும்ஆ நேரத்தில் கடைகளும் சாத்தியிருக்கும். நம் ஊர்க் கணக்கில் சனி, ஞாயிறு என்று போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை மதியம் மாலேயில் இறங்குகிறவர் ஜும்ஆவையும் தவறவிட்டு, படகும் இல்லாமல், விரைவுப் படகுக்குப் பல மடங்கு கட்டணம் கொடுப்பார். நாம் வியாழன் மதியம் இறங்கி மாலைக்குள் தீவுக்குப் போய்விட்டோம். மரப்படகில் ஒன்றரை மணி நேரம். விரைவுப் படகில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். வெள்ளி முழுவதும் தீவில். சனி கடலில். ஞாயிறு திரும்பியாயிற்று. ஞாயிறு நம் மண்டிக்கும் விடுமுறை என்பதால் கடைக்கு உண்மையில் மூன்று நாள்தான் போயிற்று.

இதோடு சேர்ந்தது தொழுகை நேரம். மாலே நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். உல்லாசத் தீவுகளில் சில, பகல் வெளிச்சம் நீள வேண்டும் என்று மாலே நேரத்திலிருந்து ஒரு மணி முன்னால் கடிகாரத்தை வைத்துக்கொள்கின்றன. கைக்கடிகாரத்தை நம்பித் தொழுகை நேரத்தைத் தவறவிடக் கூடாது. மக்கள் வாழும் தீவில் இந்தத் தொல்லை இல்லை. பாங்கு காதில் விழும். கிப்லா வடமேற்கு. அவர்களும் நம் காயல்பட்டினம், கீழக்கரை மக்களைப் போல ஷாஃபி மத்ஹபினர். மூன்று நாள் பயணி தொழுகைகளைச் சுருக்கியும் சேர்த்தும் தொழலாம் என்ற சலுகை இருக்கிறது. விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் அங்கே பகலில் உணவுக் கடைகள் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவது கேள்வி, விலைக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது? வாடகை 50 டாலர் என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். அதற்குப் பொருள் உண்டு. சேவைக் கட்டணம் நூற்றுக்கு 10. ஐம்பது ஐம்பத்தைந்தாகும். அதன்மேல் சுற்றுலாச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 17. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து இந்த விகிதம். ஐம்பத்தைந்து 64 டாலர் 35 சென்ட் ஆகும். இவை தவிரப் பசுமை வரி என்று ஓர் இரவுக்குத் தலைக்கு 6 டாலர், சிறு விடுதிகளுக்கு. ஆக மொத்தம் 70 டாலர் 35 சென்ட். ஐம்பது என்று போனவர் எழுபது கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்பார். ஏமாற்றில்லை. நாம் 'வரி தனி' என்று பட்டியலில் போடுவதைத்தான் அவர்களும் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரே தொகையாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது கேள்வி, கடற்கரை. மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டார் தங்கள் விருப்பப்படி உடையணிந்து குளிப்பதற்கென்று ஒரு பகுதியைத் தட்டி வைத்து மறைத்து ஒதுக்கியிருப்பார்கள். மற்றக் கரைகளில் ஊர் மக்கள் வழக்கப்படி மறைவாக உடுத்த வேண்டும். நாம் தங்கும் விடுதி எந்தக் கரையைப் பார்த்து இருக்கிறது என்று கேட்பது நல்லது. பெண்கள் போவதானாலும் இதுவே முதற்கேள்வியாக இருக்கட்டும். தட்டிக்கு இந்தப் பக்கம் உள்ள கரையில் விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு நாமும் இரண்டு மீனவர்களும் ஒரு பூனையும்தான் இருந்தோம்.

கொண்டு போகக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். மது, பன்றி இறைச்சி, மின் சிகரெட் ஆகியவற்றுக்கு அனுமதியில்லை. வழிபாட்டுச் சிலைகளையும் சுங்கத்தில் அனுமதிப்பதில்லை. பிற சமயச் சகோதரர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. வரும்போது பவளத்துண்டு எடுத்துவரக் கூடாது.

குறையை முதலில் சொன்னவர்

இந்தக் கேள்விகளைப் பேத்தி ஆங்கிலத்தில் எழுதி வாட்ஸ்அப் மூலம் மூன்று விடுதிகளுக்கு அனுப்பினாள். முதலாமவர் ஐந்தே நிமிடத்தில் "எல்லாம் சரியாக இருக்கும், பணம் அனுப்புங்கள்" என்றார். இரண்டாமவர் பதிலே போடவில்லை. மூன்றாமவர் மறுநாள் வரிசையாக எழுதினார். பள்ளிவாசல் நான்கு நிமிட நடை. அறை சிறியது, கடல் தெரியாது. மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உண்டென்றால் கீழறை தருகிறேன். நான் கூட்டிப்போகும் படகில் மது கிடையாது, ஆனால் பக்கத்து ஆட்கள் அழைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரி எல்லாம் சேர்த்து இவ்வளவு. இப்படி எழுதியிருந்தார்.

நாம் மூன்றாமவருக்கே பணம் அனுப்பினோம். மூட்டையின் அடியில் இருக்கும் சரக்கைத் தானே எடுத்துக் காட்டுகிறவரிடம் நாற்பத்தைந்து ஆண்டுகளில் நாம் ஏமாந்ததில்லை. போய்ப் பார்த்தபோதும் எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. கடல் தெரியவில்லை. படி செங்குத்தாகவே இருந்தது.

காலையில் மாஸ் ஹுனி என்று ஒரு பதார்த்தம் வைத்தார்கள். சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசைந்தது. தொட்டுக்கொள்ள ரொட்டி. நாம் வெங்காயத்தைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தோம். நல்ல காய்ந்த சரக்கு. எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். "இந்தியா" என்றார் பரிமாறிய பையன். நம் மண்டிச் சரக்கா, வேறு மண்டியா என்று தெரியாது. இருந்தாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

ஏன் தனியாக?

தனியாக ஏன் போனீர்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். மகனும் நாமும் ஒரே நேரத்தில் மண்டியை விட முடியாது என்று இதுவரை சொல்லி வந்தோம். அது பாதிதான்.

நம் வீட்டார் இருந்தபோது, மாலத்தீவுக்குச் சரக்கு ஏறுகிறது என்று நாம் சொல்லும்போதெல்லாம், "அந்த ஊரை ஒரு தடவை பார்க்கணும், கூட்டிப் போங்க" என்பார்கள். நோன்பு சீசன் போகட்டும் என்போம். பெல்லாரி வரத்து முடியட்டும் என்போம். பிறகு நாசிக் சரக்கு வந்துவிடும். பிறகு மழை. அவர்கள் எப்போதும் கோபித்துக்கொண்டதில்லை. 2021இல் காலமானார்கள். சீசன் இன்னும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனோம். பிரசங்கம் அவர்கள் மொழியில் நடந்தது, நமக்குப் புரியவில்லை. தொழுகை முடிந்து கையேந்தியபோது அவர்களுக்காகக் கேட்டோம். அன்று மாலை கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. தனியாகப் போவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கூட வரக் கேட்பவர் வீட்டில் இருக்கும்போது இரண்டு டிக்கெட்டாக எடுங்கள்.

தனியாகவே போகிறவர்களுக்கு, அதுவும் நம் வயதுக்காரர்களுக்கு, சில எச்சரிக்கைகள். கடலில் தனியாக இறங்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் நீரில் அடியில் இழுப்பு இருக்கும். நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, இரண்டு நாள் கூடுதலாக, கைப்பையிலேயே வையுங்கள். பயணக் காப்பீடு எடுங்கள். தினம் இஷாவுக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு போன். விடுதிக்காரரிடம் வீட்டு எண் இருக்கட்டும்.

கடை என்ன ஆயிற்று?

இப்போது முதல் சாக்குக்கு வருவோம். மூன்று நாளும் மண்டிக்குப் போன் செய்வதில்லை என்று சொல்லிவிட்டுப் போனோம். சனிக்கிழமை ஒரு முறை செய்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். திரும்பி வந்து சிட்டையைப் பார்த்தபோது, மகன் ஒரு பார்ட்டிக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து விட்டிருந்தான். இருபது மூட்டையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் குறைவு. வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டு ஏன் என்று மட்டும் கேட்டோம். "சரக்கு முளை விட ஆரம்பிச்சது வாப்பா, திங்கள் வரை வச்சா பாதி கழிவு" என்றான். மூட்டையைப் பிரித்துக் காட்டினான். சரியாகத்தான் செய்திருந்தான். எட்டு மாதமாக நமக்குப் பணம் தராமல் இழுத்தடித்த ஒருவரிடம் பாதி நிலுவையையும் வசூலித்திருந்தான். "நீங்க இருந்தா அவர் உங்ககிட்டயே பேசிட்டுப் போயிடுவார்" என்றான்.

முப்பத்தைந்து வயது மகனுக்கு வியாபாரம் தெரியுமா என்று நாம் பார்க்கவே இல்லை. பார்க்க நாம் மூன்று நாள் வெளியே போக வேண்டியிருந்தது. நம்மில் பலர் கடையில்லாமல் நாம் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். நாம் இல்லாமல் கடை இல்லை என்று ஆகிவிட்டால், அது கடைக்குத்தான் ஆபத்து. திடீரென்று படுத்துவிட்டால் சாவி எங்கே, பாக்கி யாரிடம், எந்தத் தரகரை நம்பலாம் என்று சொல்ல நேரம் இருக்காது. விடுப்பு அதற்கு ஓர் ஒத்திகை. செலவும் பெரிதில்லை. மழைக்காலத்தில் ஒரு லோடு வெங்காயத்தில் போகும் கழிவின் அளவுதான் நமக்கு ஆயிற்று. அந்தக் கழிவை ஆண்டுதோறும் பேசாமல் தாங்கிக்கொள்கிறோம்.

நமது சங்கத்துக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறோம். ஒன்று, உறுப்பினர்கள் நேரில் தங்கிப் பார்த்த விடுதிகளின் விவரத்தைச் சங்க அலுவலகத்தில் ஒரு பேரேட்டில் பதிந்து வைக்க வேண்டும். ஹலால் உணவு, சைவ உணவு, தொழுகை வசதி, மொத்தச் செலவு, குறைகள் என்று தனித்தனிப் பத்தி இருக்கட்டும். விளம்பரத்தைவிட ஒரு வணிகர் கைப்பட எழுதிய இரண்டு வரி மேலானது. இரண்டு, ஆண்டுக்கு ஒரு முறையாவது மூன்று நாள் கடையை அடுத்த தலைமுறையிடம் விட்டுப் பார்ப்பதை உறுப்பினர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் அவசரம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் பொறுப்பேற்கலாம்.

கடைசியாக, நம் கடைகளுக்கு வருகிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "இதில் ஜெலட்டின் இருக்கிறதா, இந்த பிஸ்கட் முட்டை சேர்த்ததா, இது ஹலாலா" என்று கேட்கும் வாடிக்கையாளரை நம்மில் சிலர் எரிச்சலோடு பார்க்கிறோம். "எல்லாரும் வாங்குகிறார்கள், நீங்களும் வாங்குங்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். 2018இல் நமக்கு அந்தப் பதில்தான் கிடைத்தது, இரண்டு நாள் பட்டினி இருந்தோம். தெரிந்தால் உள்ளதைச் சொல்வோம். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, விநியோகஸ்தரிடம் கேட்டு மறுநாள் சொல்வோம். அறை சிறியது, படி செங்குத்து என்று எழுதிய அந்த விடுதிக்காரரிடம் இந்த ஊரிலிருந்து அடுத்த மாதம் இன்னும் இருவர் தங்கப் போகிறார்கள். நாம்தான் சொல்லி அனுப்புகிறோம்.